வளையப் பணியாரமும் வசைப்பெயரும்

சிங்கப்பூரில் கேலாங் செராய் அங்காடிப் பக்கம் நோன்புக் காலத்தில் சென்று வருவோர், மலாய்த் தாய்மார் விற்கும் பலகாரங்களிடையே ஒரு பண்டத்தைக் கண்டிருப்பர். அரிசிமாவையும் பனைவெல்லப் பாகையும் சேர்த்துப் பிசைந்து, நடுவில் துளையிட்டு, எண்ணெயில் பொரித்தெடுத்த வளையம் அது. செம்மண் நிறம், விளிம்பு மொறுமொறுப்பாயும் உள்ளே மெத்தென்றும் இருக்கும். தீபாவளிக்கு முந்திய வாரங்களில் தேக்காக் கடைகளில் அடுக்கி வைக்கப்படும் அதிரசம் ஒன்றை எடுத்து இதனருகே வைத்துப் பாருங்கள். நடுவிலுள்ள துளையையும் வெல்லத்தின் மணத்தையும் தவிர வேறு வேற்றுமை காண்பது அரிது.

இப்பண்டத்திற்குப் பெனெராம் என்றும் டெண்டெராம் என்றும் பெயர்கள் உண்டு. மூன்றாவது பெயர் ஒன்றும் உண்டு. அது ‘தெலிங்கா கெலிங்’. மலாய் மொழியில் தெலிங்கா என்பது காது. கெலிங் என்பது நம்மவரைக் குறித்து வழங்கிய சொல். ‘கெலிங்கர் காது’ என்பது பொருள். நம்மவருள் பலர் இப்பெயரைக் கேட்ட மாத்திரத்தில் கையிலெடுத்த பண்டத்தைத் தட்டிலேயே வைத்துவிடுவர். அவர்தம் சினம் நியாயமானதே. ஆயினும் சினத்தோடு நின்றுவிட்டால் ஒரு நெடிய சரித்திரம் நம் கையைவிட்டு நழுவிப் போகும். ஆகவே பண்டத்தையும் பெயரையும் ஒருங்கே எடுத்து ஆராயத் துணிந்தோம்.

அதிரசம் தமிழ்நாட்டில் பழமையானது. விசயநகர வேந்தர் காலத்துத் திருமலைக் கல்வெட்டுகளில் அப்பப்படி, வடைப்படி, சுகியன்படி என்பவற்றோடு அதிரசப்படி என்னும் கட்டளையும் காணப்படுகின்றது. பொருள் கொடுத்துக் கட்டளை ஏற்படுத்தியவருக்குப் படைத்த பண்டத்தில் நாலில் ஒரு பங்கு உரியது. அதனை ‘விட்டவன் விழுக்காடு’ என்று கல்லிலேயே பொறித்து வைத்தனர். கொடுத்தவன் பெயரும் அவன் பங்கும் கல்லில் நிற்கின்றன. அரிசி இடித்த கைகளின் பெயர் எங்கும் இல்லை. தோட்டத்தில் நாள்தோறும் செக்ரோல் எழுதும் நமக்கு இது வியப்பாகத் தோன்றவில்லை. ஏட்டில் யார் பெயர் ஏறும், யார் பெயர் ஏறாது என்பதை எழுதுகிறவன் அறிவான்.

இப்பண்டம் தமிழருக்கு மட்டுமே உரியதென்று மார்தட்டிக் கொள்வதற்கும் இடமில்லை. ஆந்திரர் இதனை அரிசெலு என்பர். கன்னடர் கஜ்ஜாயம் என்பர். ஒரிய மக்கள் அரிசா பிட்டா என்பர். மராட்டியர் அனார்சா என்பர். கிழக்குக் கடற்கரை நெடுகிலும், அதற்கு அப்பாலும், ஈர அரிசிமாவையும் வெல்லப்பாகையும் கூட்டிப் பொரிக்கும் முறை ஒன்றே. அக்கடற்கரையிலிருந்துதான் கப்பல்கள் சுமத்திராவுக்கும் மலாக்காவுக்கும் புறப்பட்டன என்பதை இங்கே மனத்தில் வைத்துக்கொள்ளுதல் நலம்.

செய்முறையைச் சற்று விரித்தே கூற வேண்டும். ஏனெனில் துளையின் காரணம் அதிலேதான் இருக்கின்றது. பச்சரிசியை ஊறவைத்து வடித்து, நிழலிலே துணிமேல் பரப்பி, கையில் எடுத்தால் ஈரம் தெரியவும் ஒட்டாதிருக்கவுமான பக்குவத்தில் உரலிலிட்டு இடித்துச் சலிப்பர். முற்றக் காய்ந்த மாவு பயன்படாது. வெல்லத்தைக் கரைத்து வடிகட்டிப் பாகு காய்ச்சி, ஒரு துளியைத் தண்ணீரில் விட்டால் கையால் உருட்ட வரும் பதத்தில் இறக்கி, ஏலமும் சுக்கும் தூவி, மாவைச் சிறிது சிறிதாகக் கொட்டிக் கிளறுவர். அம்மாவு ஓரிரு நாள் மூடியிருந்து புளிக்காமல் பதப்பட வேண்டும். பிறகு எண்ணெய் தடவிய வாழையிலையில் தட்டி, இளந்தீயில் பொரித்து, இரண்டு கரண்டிகளுக்கிடையே அழுத்தி எண்ணெயை வடிப்பர். பாகு இளகினால் எண்ணெயில் கரைந்துபோம். முற்றினால் பல் உடையும். பாகின் பதம் பிசகிய வீட்டில் அன்றைக்கு யாரும் யாரோடும் பேசார்.

வெல்லம் கலந்த எதற்கும் ஒரு குணம் உண்டு. அது விரைவில் கருகும். விளிம்பு சிவந்து கருகத் தொடங்கும்போது நடுப்பகுதி இன்னும் வேகாத மாவாகவே இருக்கும். இதற்குப் பரிகாரம் இரண்டு. ஒன்று, மெல்லியதாகத் தட்டித் தீயைக் குறைத்து, பொறுமையோடு காத்திருப்பது. இது தமிழ்நாட்டில் பெருவழக்கு. மற்றொன்று, வேகாத நடுவையே இல்லாமற் செய்துவிடுவது. நம் உளுந்து வடையில் துளை இருப்பதும் இதன்பொருட்டே. துளையிட்டால் எண்ணெய் உள்ளும் புறமும் ஒருங்கே சுடும். கம்பியால் கோத்துத் தூக்கவும் புரட்டவும் எளிது. மலாய் நாட்டுப் பனைவெல்லமும் தென்னம்வெல்லமும் நம் கரும்பு வெல்லத்தினும் இளகியவை. ஆதலின் அங்கே துளை பயன்பட்டது வியப்பன்று.

அடுப்பின் வகை வேறாயினும் இதே காரணம் மற்றொரு தேசத்திலும் வேலை செய்திருக்கின்றது. இத்தாலியில் வீட்டுப் பெண்டிர் கோதுமை மாவைத் திராட்சைமதுவும் ஒலிவ எண்ணெயும் சர்க்கரையும் சோம்பும் கூட்டிப் பிசைந்து, கயிறாகத் திரித்து, இரு முனைகளையும் இணைத்து, சர்க்கரையில் ஒற்றி, மூடிய அடுப்பில் சுடுவர். உரோமைச் சூழ்ந்த பகுதியில் இதற்குச் சாம்பெல்லினே என்று பெயர். தென்கோடியில் இதனை ஒத்த வளையத்திற்குத் தாராலி என்று பெயர். 1880க்கும் 1920க்கும் இடையில் சுமார் 40 இலட்சம் இத்தாலியர் பிழைப்புத் தேடி அமெரிக்கா சென்றனர். பெரும்பாலோர் தென்பகுதி ஏழை உழவர். அவர்களுக்கும் அங்கே இழிபெயர்கள் சூட்டப்பட்டன. அவர்தம் வளையங்களோ இன்று அந்நகரங்களின் ரொட்டிக் கடைகளில் மதிப்போடு விற்கப்படுகின்றன. நாடு விட்டு நாடு போகிறவன் மூட்டையில் கொண்டுபோக முடியாத பொருள்களுள் முதன்மையானது அடுப்பங்கரை. ஆனால் அதன் பழக்கம் கையிலேயே போய்விடுகிறது.

நிற்க. நம் பணியாரம் கடல் கடந்ததற்குச் சொல்லே சான்று. மலாய் அகராதிகளில் ‘பெனியாராம்’ என்ற சொல் தமிழ்ப் பணியாரத்திலிருந்து வந்ததாகக் குறிக்கப்பட்டுள்ளது. கடை என்பது கெடாய் ஆயிற்று. கப்பல் காப்பால் ஆயிற்று. மாங்காய் மங்கா ஆயிற்று. சுருட்டு செருத்து ஆயிற்று. அப்பமும் புட்டும் ஏறக்குறைய அப்படியே நின்றன. சபாவில் பஜாவ் மக்கள் பொரிக்கும் இனிப்புக்குப் பெஞ்ஞாராம் என்று பெயர். பிலிப்பைன்ஸ் தென்தீவாகிய மிண்டனாவோவில் பஞ்ஞாலாம் என்பர். புரூணையிலும் சபாவிலும் ‘குவே சின்சின்’ என்றொரு பண்டம் உண்டு. சின்சின் என்றால் மோதிரம். மேற்குச் சாவகத்தில் சுந்தானியர் அரிசிமாவும் பனைவெல்லமும் கூட்டிச் செய்யும் வளையத்திற்கு ‘ஆலி ஆக்ரெம்’ என்று பெயர். ஆலி என்பதற்கும் மோதிரம் என்றே பொருள். ஆக, ஒரே வடிவத்தைக் கண்டவருள் சிலர் மோதிரம் என்றனர். சிலர் காது என்றனர்.

இதனைக் கொண்டு சென்றவர் யார்? இங்கே நம்மவர் வழக்கமாகச் சொல்லும் பெருமைக் கதையைச் சற்று நிறுத்திவைக்க வேண்டும். 1931ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி சிங்கப்பூர் இந்தியருள் பெண் ஒருவருக்கு ஆண்கள் ஐவருக்கு மேல் இருந்தனர். அதற்கு முந்திய நூற்றாண்டிலும் ஆடவரே மிகுந்திருந்தனர். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவரும், நகரசபையில் சாலை போட்டவரும், செட்டியார் கிட்டங்கிகளில் கணக்கு எழுதியவரும் பெரும்பாலும் தனி ஆடவர். கூட்டு விடுதியில் பத்துப் பேருக்கு ஒரு சோற்றுப் பானை வைத்து வாழ்ந்தவர், ஈர அரிசியை நிழலில் உலர்த்தி இரண்டு நாள் காத்திருந்தா அதிரசம் சுட்டிருப்பர்? அதிரசத்திற்கு ஆண் துணிவு போதாது. குடும்பம் வேண்டும், முற்றம் வேண்டும், அண்டை வீட்டுப் பெண்ணின் கை வேண்டும்.

அக்குடும்பம் பல இடங்களில் கலப்புக் குடும்பமாகவே இருந்தது. நாகூரிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் வந்த தமிழ் முஸ்லிம் வணிகர் மலாய்ப் பெண்களை மணந்தனர். அவர்தம் வழித்தோன்றல்கள் ஜாவி பெரானக்கான் எனப்பட்டனர். இதற்கும் முன்பே, 15ஆம் நூற்றாண்டில் மலாக்கா சுல்தான்கள் காலத்தில் வந்து தங்கிய தமிழ் வணிகர் அந்நாட்டுப் பெண்களை மணந்து மலாக்காச் செட்டிகள் என்னும் சமூகமாயினர். மொழி மலாயாயிற்று, உடை சாரோங்காயிற்று, வழிபாடு சைவமாகவே நின்றது. 1781இல் கட்டப்பட்ட பொய்யாத விநாயகமூர்த்தி கோயில் மலாக்காவில் இன்றும் அவர்களுடையதே. சிங்கப்பூர் கேம்பல் லேனில் 2015இல் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையம், 2018இல் இவர்களைப் பற்றித் தனிக் கண்காட்சி ஒன்றை நடத்தியது. அதனைக் கண்ட நம்மவர் சிலர், ‘தமிழ் பேசாத இவர்கள் நம்மவரா?’ என்று வினவினர். அவ்வினா பிழை. அத்தகைய அடுப்பங்கரைகளில்தான் தமிழ்ப் பணியாரமும் மலாய்த் தென்னம்வெல்லமும் ஒன்று கூடியிருத்தல் வேண்டும் என்பது நம் கருத்து. சொல்லை ஆடவர் கொண்டு வந்திருக்கலாம். பண்டத்தை இந்நாட்டிற்கு ஏற்றவாறு ஆக்கியவர் மலாய்ப் பெண்டிர். ஆகவே, ‘நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டனர்’ என்று சொல்லுவது நன்றி கொன்ற பேச்சாகும்.

இனி வசைப்பெயருக்கு வருவோம். கெலிங் என்ற சொல்லைப் பற்றி நம்மிடையே ஒரு கதை நடமாடுகிறது. காலில் விலங்கு பூட்டிய இந்தியக் கைதிகள் சிங்கப்பூர்த் தெருக்களில் வேலை செய்தபோது சங்கிலி ‘கிளிங், கிளிங்’ என்று ஒலித்ததாம். அதனால் நம்மவருக்கு அப்பெயர் வந்ததாம். ஆங்கிலப் பள்ளியில் படித்தவர்களும் இதனை மெய்யென்று சொல்லக் கேட்டிருக்கிறோம். இது கட்டுக்கதை. இந்தியக் கைதிகள் சிங்கப்பூருக்கு வந்தது 1825இல். அம்முறை ஒழிந்தது 1873இல். புனித அந்திரேயா தேவாலயத்தை 1856 முதல் 1861 வரை எழுப்பிய உழைப்பு அவர்களுடையது. அதற்காக அவர்களை நினைப்பது தகும். ஆனால் சொல் அவர்களுக்கு முற்பட்டது. மலாக்காவில் 1512 முதல் 1515 வரை இருந்த போர்த்துகேசியர் தோமே பீரஸ், அங்கிருந்த செல்வ வணிகரைக் கெலின் என்றே எழுதுகிறார். 11ஆம் நூற்றாண்டில் சாவகத்தை ஆண்ட ஐர்லங்க மன்னன் காலத்துச் சாசனங்கள் அயல்நாட்டாரைக் குறிக்கும்போது க்ளிங் என்ற பெயரைச் சொல்லுகின்றன. மலாய் வரலாற்று நூலாகிய செஜாரா மெலாயு, கடலுக்கு அப்பாலுள்ள நம் நாட்டைக் ‘கெலிங் நாடு’ என்று மதிப்போடு குறிக்கிறது. கலிங்கம் என்ற பெயரே இவ்வாறு திரிந்தது. கலிங்கத்தார் முதலில் வந்தமையால் பின்வந்த தமிழருக்கும் அப்பெயரே ஒட்டிக்கொண்டது.

ஆகவே பிறவியில் அது வசையன்று. மலாக்காவைப் போர்த்துகேசியர் 1511இல் பிடித்தபின், நினச்சாட்டு என்று அவர்கள் எழுதிய கெலிங் வணிகர் ஒருவரைப் பெண்டஹாரா பதவியில் அமர்த்தினர். பதவி வகித்தவனுக்கும் பெயர் கெலிங். பின்னாளில் தோட்டத்தில் பால் வெட்டியவனுக்கும் பெயர் கெலிங். சொல் மாறவில்லை, சொல்லப்பட்டவன் நிலை மாறியது. கூலி என்று நம்மை ஏட்டில் எழுதத் தொடங்கிய பிறகே அச்சொல்லில் நஞ்சு ஏறிற்று. சிங்கப்பூர் ஆற்றின் தென்கரையில் இன்று சூலியா ஸ்திரீட் எனப்படும் தெரு, முன்னர் கிளிங் ஸ்திரீட் எனப்பட்டது. நம்மவர் அதனை இழிவாகக் கருதியமையால் 1921இல் நகரசபையார் பெயரை மாற்றினர். ஒரு தெருவின் பெயர்ப்பலகையை மாற்றக்கூடிய அளவுக்கு அந்நாளிலேயே அச்சொல் புண்பட்டிருந்தது என்பது இதனால் விளங்கும். சரித்திரத்தில் சொல் தூயதாயிருந்தது என்று வாதிட்டு இன்றைக்கும் அதனை வழங்குவோர், அடிபட்ட இடம் நேற்று வலிக்கவில்லையே என்று சொல்லுவோரை ஒப்பர்.

காது மட்டும் எப்படி வந்தது? அக்காலத்துத் தமிழ்ப் பெண்டிர், சிறப்பாகத் தென்மாவட்டத்தவர், காது வளர்த்தனர். குழந்தைப் பருவத்திலேயே காதைத் துளைத்து, எடையை மெல்ல மெல்லக் கூட்டி, மடல் தோளைத் தொடும்படி நீட்டி, அதில் பாம்படமும் தண்டட்டியும் பூண்டனர். அணி கழற்றிய வேளையில் அம்மடல் நீண்ட வளையமாகத் தொங்கும். அதனைக் கண்ட கண்ணுக்குத் துளையிட்ட பணியாரம் காதாகத் தோன்றிற்று. இதில் ஏளனம் எவ்வளவு, வெறும் உவமை எவ்வளவு என்று பிரித்தறிய முடியாது. காதணியின் பாரத்தால் மடல் கிழிந்து அல்லலுற்ற பெண்கள் பலர். இருபதாம் நூற்றாண்டில் நாகரிகம் மாறியபோது, நீண்ட மடலை மருத்துவரிடம் அறுத்துத் தைத்துக்கொண்டவரும் உண்டு. காது வளர்த்தலை நாம் போற்றவில்லை. ஆனால் அந்தக் காதுகளோடு கப்பலேறி வந்த பெண்களைப் போற்றுகிறோம். கல்வெட்டிலே பெயர் ஏறாத அவர்களது உருவம், பிறர் வீட்டுப் பலகாரத்தின் பெயரில் மட்டும் பதிந்து நின்றது என்பதே உண்மை.

அப்பெயரை நீக்க வேண்டுமா? நீக்கத்தான் வேண்டும். டெண்டெராம், பெனெராம் என்னும் பெயர்கள் இருக்கும்போது வேறொன்று எதற்கு? இன்று மலாய் மக்களுள் பலர் அப்படித்தான் அழைக்கின்றனர். பெனெராம் என்று சொல்லும்போது அவர்கள் நம் மொழியையே பேசுகின்றனர் என்பது நம்மவருள் பலருக்குத் தெரியாது. அதே சமயத்தில், நம் வாயிலும் பிற இனத்தாரைக் குறித்து வழங்கும் பெயர்கள் சில உண்டு. அவற்றை இங்கே எழுத நாணுகிறோம்; எழுதாமலே வாசகர் அறிவர்.

போர்க்காலம் வந்தது. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தபின் அரிசி அருமையாயிற்று. மரவள்ளிக் கிழங்கே சோறாயிற்று. மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரவர் சயாம் ரயில்பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டு மாண்டனர். அந்த மூன்றரை ஆண்டுகளில் அதிரசத்தைப் பற்றிப் பேசுவதற்கு ஏதுமில்லை.

போருக்குப் பிந்திய இருபதாண்டே வீட்டு அதிரசத்தின் நற்காலம் எனலாம். குடும்பங்கள் பெருகின. கடற்படைத் தளக் குடியிருப்பிலும், ரயில்வே லயங்களிலும், பொத்தோங் பாசிர் முதலிய கம்பங்களிலும் தீபாவளித் தட்டு வேலி தாண்டி மலாய் வீட்டிற்கும் சீனர் வீட்டிற்கும் சென்றது. நோன்புப் பெருநாளிலும் சீனப் புத்தாண்டிலும் அதே தட்டு வெறுமையாகத் திரும்பவில்லை. அச்சு முறுக்கு இப்படித்தான் எல்லாருடையதும் ஆயிற்று. பூவடிவ இரும்பச்சை மாவில் தோய்த்து எண்ணெயில் உதறும் அப்பண்டத்தை மலாய் மக்கள் குவே ரோஸ் என்பர். சீனர் தம் புத்தாண்டுக்கு அதனைப் பொரிப்பர். இலங்கையில் சிங்களவர் கொக்கிஸ் என்பர், அச்சொல்லோ ஒல்லாந்தருடையது. இதற்கு யார் மூலம் என்று வழக்காடுவது வீண் வேலை.

1960இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் ஏற்பட்டு மக்கள் அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்தபோது, முதலில் தோற்றது உரல். பத்தாவது மாடியில் அரிசி இடித்தால் ஒன்பதாவது மாடியில் குடியிருப்போர் என் செய்வர்? தேக்காப் பக்கத்து ஆலைகளில் ஈர அரிசியை அரைத்து வாங்கும் வழக்கம் வந்தது. பிறகு மின்சார அடுப்புப் பெட்டி வந்தது. நெய் பிஸ்கோத்தும் வெண்ணெய் வளையங்களும் தீபாவளித் தட்டில் ஏறின. சிலர் இதனைக் கண்டு வருந்துவர். நமக்கு வருத்தம் இல்லை. மூடிய அடுப்பு நமக்கு முற்றும் அந்நியமன்று. பித்தளை அச்சின் மேலும் கீழும் தணல் வைத்துப் பகுலு சுட்ட மலாய் வீடுகளை அடுத்தே நாம் வாழ்ந்தோம். பொறுமை குறைந்த காலத்திற்கு ஏற்ற பண்டம் பிஸ்கோத்து. அதிரசத்திற்கோ பொறுமை வேண்டும். அதனைப் பெண்கள் மட்டுமே பூண வேண்டும் என்று விதித்தவர் யார்? ஆடவர் பாகு கிளறினால் பதம் கெட்டுவிடாது.

பாம்படக் காதுடைய பாட்டியர் சிலரைத் தோட்டங்களில் நாம் கண்டிருக்கிறோம். இன்று தோட்டங்கள் செம்பனையாக மாறிவிட்டன. லயங்களும் பலவிடங்களில் இல்லை. அவர்களுள் ஒருவர் சொன்ன அளவை இங்கே எழுதி வைக்கிறோம். ஒரு கிலோ பச்சரிசிக்கு முக்கால் கிலோ வெல்லம், பத்து ஏலக்காய், விரல்நுனி அளவு சுக்கு. அரிசி இரண்டு மணி நேரம் ஊறினால் போதும். பாகை இறக்கியபின்னரே மாவைக் கொட்ட வேண்டும். கொஞ்சம் மாவை மீத்து வைத்துக்கொள்ள வேண்டும், இளகினால் சேர்ப்பதற்கு. துளையிட விரும்புவோர் வாழையிலையில் தட்டிய பிறகு, எண்ணெய் தொட்ட சுண்டுவிரலால் இட்டு, துளை மூடிக்கொள்ளுமுன் எண்ணெயில் விட வேண்டும்.